துன்பம் மருந்தாகுமா? கீமோதெரபியும் வினைக் கொள்கையும்

துன்பம் எதனால் வருகிறது என்ற கேள்வி இந்தியச் சமய மரபுகள் அனைத்துக்கும் பொதுவானது. ஆயினும் அக்கேள்வி பெரும்பாலும் நோயை முன்னிட்டு எழுப்பப்படுகிறதே அன்றி, நோயைத் தீர்க்க வந்த மருந்து தரும் துன்பத்தை முன்னிட்டு எழுப்பப்படுவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்கு முன்னரே அளிக்கப்படும் கீமோதெரபி இந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. மார்பில் தோன்றும் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே வீட்டு வேலையும் அலுவலகமுமாக இயல்பாக நடமாடிக்கொண்டிருந்த ஒரு பெண், சிகிச்சை தொடங்கிய பின்னரே நோயாளியாகத் தன்னை உணர்கிறாள். அவள் அனுபவிக்கும் குமட்டலும் சோர்வும் வாய்ப்புண்ணும் நோயிலிருந்து வந்தவை அல்ல, மருந்திலிருந்து வந்தவை. இத்துன்பத்துக்குச் சமயச் சிந்தனையில் என்ன இடம் என்பதே இங்கு ஆராயப்படுவது.

முதலில் சிகிச்சையின் தன்மையைச் சுருக்கமாகக் காணலாம். கட்டி பெரிதாக இருக்கும்போதும், அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியிருக்கும்போதும், சிலவகைப் புற்றுகளில் கட்டி சிறிதாக இருந்தாலும்கூட, மருந்தால் அதைச் சுருக்கிய பிறகு அறுவை செய்யும் முறை கையாளப்படுகிறது. பரவலாக வழங்கும் ஒரு முறையில், டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்னும் இரு மருந்துகள் 2 அல்லது 3 வாரங்களுக்கு ஒருமுறையாக 4 சுற்றுகளும், அதன்பின் பாக்லிடாக்செல் வாரம் ஒருமுறையாக 12 வாரங்களும் சிரை வழியே ஏற்றப்படுகின்றன. விரைந்து பெருகும் செல்களைத் தாக்குவதே இம்மருந்துகளின் வேலை என்பதால், புற்றுச் செல்களோடு முடியின் வேர்களும் வாயின் உட்படலமும் இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும் சேர்ந்தே அடிபடுகின்றன. 1988-இல் அமெரிக்காவில் தொடங்கி 1,523 பெண்களிடம் நடத்தப்பட்ட என்எஸ்ஏபிபி பி-18 என்னும் ஆய்வு, இவற்றுள் முதலிரு மருந்துகளை அறுவைக்கு முன் கொடுத்தாலும் பின் கொடுத்தாலும் உயிர்பிழைப்பில் வேறுபாடு இல்லை என்றும், முன் கொடுத்தால் மார்பகத்தை முழுவதும் நீக்காமல் காக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்றும் காட்டியது.

இச்சிகிச்சையை எதிர்கொள்ளும் பெண்ணிடமிருந்தும், அவளைவிட அதிகமாக அவளைப் பார்க்க வரும் உறவினரிடமிருந்தும் எழும் கேள்வி, ‘யாருக்கு என்ன பாவம் செய்தோம்’ என்பதாகும். இக்கேள்விக்குப் பின்னே நிற்கும் வினைக் கொள்கையைச் சைவ சித்தாந்தம் நுட்பமாக வகுத்துள்ளது. பல பிறவிகளில் ஈட்டித் தொகுத்துவைத்த வினை சஞ்சிதம் எனவும், அதில் இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த பகுதி பிராரத்தம் எனவும், நுகரும்போதே புதிதாக ஏறும் வினை ஆகாமியம் எனவும் அழைக்கப்படும். பிராரத்தம் நுகர்ந்தே தீர வேண்டியது. இன்பமாகவோ துன்பமாகவோ அதை அனுபவிப்பதுதான் அதன் கழிவு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார் என்னும் நூலின் சுபக்கப் பகுதியில் இதனை மருத்துவனை வைத்தே விளக்குகிறார்: மருத்துவன் சில நோய்களை அறுத்தும் கீறியும் தீர்க்கிறான், வேறு சிலவற்றைச் சர்க்கரையும் பாலும் கலந்து கொடுத்துத் தீர்க்கிறான், அதுபோல இறைவனும் இன்பத்தையும் துன்பத்தையும் ஊட்டியே உயிர்களின் வினையை அறுக்கிறான் என்பது அவர் கருத்து.

இந்த உவமை செல்லும் திசையைக் கவனிக்க வேண்டும். தெரிந்த பொருளாகிய மருத்துவத்தைக் கொண்டு தெரியாத பொருளாகிய அருளை விளக்குவதற்காக எழுந்தது அது. இறைவன் தரும் துன்பமும் சினத்தின் விளைவன்று, நோய் தீர்ப்பவனின் பரிவு என்று நிறுவுவதே அதன் நோக்கம். நடைமுறையிலோ அது தலைகீழாகத் திருப்பப்படுகிறது. மருந்து தரும் வேதனையே வினையைக் கழிக்கும் வேதனை என்றும், எனவே அதைக் குறைக்காமல் முழுவதும் தாங்கிக்கொள்வதே நல்லது என்றும் ஒரு நம்பிக்கை உருவாகிவிடுகிறது. வினைக் கொள்கையின்படி நுகர்ச்சியே கழிவாதலால், அங்கே துன்பம் தன்னளவில் ஒரு வேலையைச் செய்கிறது. கீமோதெரபியில் அவ்வாறு இல்லை. கட்டியைச் சுருக்குவது மருந்தே. குமட்டல் ஒரு செல்லையும் அழிப்பதில்லை. வாந்தியே இல்லாமல் ஒரு சுற்றைக் கடந்த பெண்ணுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்பதும் இல்லை, படுக்கையோடு கிடந்தவளுக்கு அது கூடுதலாக வேலை செய்தது என்பதும் இல்லை. அறுத்துத் தீர்க்கும் மருத்துவனும் வலிக்காக அறுப்பதில்லை. வலியின்றி அறுக்க முடிந்தால் அவ்வாறே செய்வான். அருணந்தியின் மருத்துவன் கையில் பாலும் சர்க்கரையும் இருப்பதை மறந்துவிட்டுக் கத்தியை மட்டும் நினைவில் வைப்பது, அந்த உவமையைப் பாதியாக வாசிப்பதாகும்.

நோயின் காரணத்தைப் பற்றியும் பழைய மரபுகள் இன்று எண்ணப்படுவதைவிட நிதானமாகவே பேசியுள்ளன. மனிதர் அனுபவிப்பதெல்லாம் முன்வினையால்தானா என்று மோலிய சீவகன் என்னும் துறவி கேட்டபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், உடலைச் சீராகப் பேணாமை, தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எண்ணிய புத்தர், எல்லாமே முன்வினைதான் என்போர் தாம் நேரில் அறிவதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்று விடையளித்ததாகச் சம்யுத்த நிகாயம் என்னும் பௌத்த நூல் கூறுகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரத்துக்கு உரை தொடங்கும் பரிமேலழகரும், பழவினையால் வரும் நோய், பிற காரணங்களால் வரும் நோய் எனப் பிரித்து, முன்னது வினை கழிந்தாலன்றித் தீராது என்பதால் அதை விடுத்துப் பின்னதற்குரிய மருந்தையே அதிகாரம் பேசுவதாகக் கொள்கிறார். ஒருவருக்கு வந்த நோய் இவ்விரண்டில் எது என்பதை முன்கூட்டி அறிய மனிதருக்கு வழியில்லை. மருந்து கொடுத்துப் பார்ப்பதொன்றே அறியும் வழி. ஆகவே வினையை முழுமையாக ஏற்பவருக்கும், சிகிச்சையை மறுக்கவோ நோயாளியின் வினைக்கணக்கைப் புரட்டிப் பார்க்கவோ அக்கொள்கை உரிமை தருவதில்லை.

வினையைக் கழிக்கும் துன்பத்துக்கும் மருந்து தரும் துன்பத்துக்கும் உள்ள வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று; மருந்தேற்றிய இரவில் ஒரு பெண் என்ன செய்கிறாள் என்பதை அதுவே முடிவு செய்கிறது.  மருந்தேற்றும் அன்றைக்கே ஒண்டான்செட்ரான் போன்ற வாந்தித் தடுப்பு மாத்திரைகளை எழுதிக்கொடுத்து, குமட்டல் வரும்வரை காத்திராமல் நேரந்தவறாமல் விழுங்கச் சொல்கின்றனர். தாங்கிக்கொள்வதே சிறப்பென்று எண்ணுபவள் அம்மாத்திரையை எடுத்து வைத்துவிடுகிறாள். இரண்டு நாள் கஞ்சியும் இறங்காமல் உடல் வறண்டு போகிறது. அதைவிட ஆபத்தானது காய்ச்சலைப் பொறுத்துக்கொள்வது. மருந்தேற்றி ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடுவதால், 100.4 பாகை பாரன்ஹீட்டை எட்டும் காய்ச்சல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அவசரநிலை. விடியட்டும் என்று காத்திருக்கும் பொறுமை உயிருக்கே உலை வைக்கும். விரதமும் இவ்வாறே. நோயுற்றவருக்கு நோன்பிலிருந்து விலக்களிப்பது பல சமயங்களுக்கும் உடன்பாடான நெறி என்பதால், சிகிச்சைக் காலத்தில் வேளைக்கு உண்பது நெறி பிறழ்வதாகாது.

முடி உதிர்வது வேறொரு சிக்கலை எழுப்புகிறது. முதல் சுற்று முடிந்து 2 அல்லது 3 வாரங்களில் தலையணையிலும் சீப்பிலும் முடி கொத்தாக வருகிறது. பலர் அதற்குள் தாமே மொட்டையடித்துக்கொள்கின்றனர். பழனியிலோ திருப்பதியிலோ முடி காணிக்கை செலுத்திவிட்டு வரும் பெண்ணின் தலையும் இவள் தலையும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் முன்னதில் தெருவே மங்கலத்தைக் காண்கிறது, பின்னதில் இரக்கத்தோடு கண்ணைத் திருப்பிக்கொள்கிறது. ஒரு காலத்தில் கைம்பெண்ணின் தலை மழிக்கப்பட்டபோது அதே தோற்றம் அமங்கலமாகவும் எண்ணப்பட்டது. ஆகவே பொருள் மழித்த தலையில் இல்லை, அவரவர் இசைவில் இருக்கிறது. தவம் என்பதும் ஒருவர் தம் விருப்பத்தால் மேற்கொள்வதே. பிறர் சுமத்தும் துன்பத்துக்கு அப்பெயர் பொருந்தாது. சிகிச்சையைத் தெரிந்து, கேட்டு, ஒப்புக்கொண்டு ஏற்கும் பெண் தன் பொறுமையைத் தவமென்று கருதினால் அது அவளுக்குரிய உரிமை; சுற்றத்தார் அதனை அவள்மீது கடமையாக ஏற்ற முடியாது.

பொறுமைக்கும் பலனுக்கும் நேர்க்கணக்கு உண்டென்ற எண்ணம் அறுவைக்குப் பிறகு மீண்டும் தலைதூக்குகிறது. வெட்டியெடுத்த திசுவில் புற்றுச் செல்லே தென்படாத நிலை முழு நோய்க்குறியியல் எதிர்வினை எனப்படும். அது கிட்டாதபோது, தன் பக்தி போதவில்லை, தன் மனவுறுதி போதவில்லை என்று பெண் தன்னையே நொந்துகொள்கிறாள். உண்மையில் அது பெரிதும் கட்டியின் உயிரியலைச் சார்ந்தது: ஹெர்2 புரதம் மிகுந்த வகையிலும், ஹார்மோன் ஏற்பியோ ஹெர்2 மிகுதியோ இல்லாத முந்நிலை எதிர்மறை வகையிலும் அது கூடுதலாகக் கிட்டுகிறது, ஹார்மோன் ஏற்பி உள்ள வகையில் அரிதாகவே கிட்டுகிறது. எஞ்சிய நோய் அடுத்து எந்த மருந்து தேவை என்பதை மருத்துவருக்குக் காட்டுமே தவிர, அப்பெண்ணின் தகுதிக்குத் தீர்ப்பாகாது.

இவ்வாறு கூறுவதால் வழிபாட்டுக்கு இடமில்லை என்று ஆகிவிடாது. சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதற் பதிகத்தில், தாம் செய்த கொடுமைகளைத் தாம் அறியவில்லை என்று சொல்லியே நோயை நீக்குமாறு வேண்டுகிறார். காரணம் அறியாமையை ஒப்புக்கொள்வதும், வலி தீரவேண்டுமென்று கேட்பதும் அங்கே ஒன்றாக நிற்கின்றன. வலியைப் புகழ்தல் அங்கே இல்லை. திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது, அது வினையென்று திருஞானசம்பந்தர் வாளாவிருக்கவில்லை, அது நீங்கவே பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. வினையை நம்பிய இவ்விருவரும் துயர் தீர்ப்பதையே வேண்டினர் என்பதால், வாந்தித் தடுப்பு மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கும் பெண் அம்மரபுக்கு வெளியே நிற்பவள் அல்லள். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்னும் நான்கையும் மருத்துவத்தின் உறுப்புகளாகத் திருக்குறள் வைப்பதால், உடனிருப்பவருக்கும் இதில் பங்குண்டு: பாவ புண்ணியக் கணக்கைக் கேளாமல், வெப்பமானியில் காய்ச்சலைப் பார்த்துச் சொல்வதும், வேளைக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பதுமே அவருக்குரிய அறம்.