ஐந்தாம் மாடி வரை லிஃப்ட்

திங்கள், இரவு

நான் வளர்ந்த புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது. அந்தக் காலத்துச் சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் புளோக்குகள் பலவும் அப்படித்தான். எங்கள் வீடு ஏழாம் மாடி. துறைமுக வேலை முடிந்து அப்பா ஐந்தில் இறங்கி, மிச்சம் இரண்டு மாடியைப் படியேறி வருவார். மொத்தம் 32 படி. பாயில் படுத்தபடி எண்ணிக்கொண்டிருப்பேன். நிற்காமல் வந்தால் அன்றைக்குக் குடிக்கவில்லை. ஆறாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினால் கொஞ்சம் குடித்திருக்கிறார். கதவுக்கு வெளியே சாவி கீழே விழும் சத்தம் கேட்டால், தம்பியை மெல்ல உருட்டி அம்மா பக்கம் தள்ளிவிடுவேன்.

இருபது வருடமாக ஆலோசகர் வேலை பார்க்கிறேன். எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒரு சொல்லுக்கு முன்னால் மூச்சைப் பிடித்து நிறுத்துவது எனக்குக் கேட்டுவிடும். 'நல்லா இருக்கேன்' என்று சொல்லும்போது குரல் எந்த எழுத்தில் இறங்குகிறது என்பது கேட்கும். உடன் வேலை செய்பவர்கள் இதைத் திறமை என்கிறார்கள். பட்டயப் படிப்பில் இதைக் கற்றுத் தரவில்லை. அந்தப் பாயில் படுத்துக் கற்றது.

பயத்தில் பழகிய காது அது. அதனால் படியில் யார் ஏறினாலும் அப்பாவாகவே கேட்கும். இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

செவ்வாய்

சில வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பெண்மணி வந்திருந்தார். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடும் வயது. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பையின் ஜிப்பை ஒரு விரலளவு திறந்தார், மூடினார்.

"வீட்டுக்காரர் இருபத்தஞ்சு வருஷமா குடிக்கிறவருமா," என்று ஆரம்பித்தார். "நல்ல மனுசன்தான்…"

அந்த 'தான்' என்னை இழுத்துவிட்டது. அம்மா சொல்லும் அதே 'தான்'. முன்னால் சாய்ந்து சொல்லிவிட்டேன்: "எனக்குப் புரியுதுக்கா. எங்கப்பாவும் குடிச்சவர்தான்."

ஜிப் நின்றுவிட்டது. அவர் முகத்தில் ஓர் இரக்கம் வந்தது. "அடப் பாவமே," என்றார். "இப்ப எப்படிம்மா இருக்கார்?" இறந்துவிட்டார் என்றேன். அம்மாவைப் பற்றிக் கேட்டார். தம்பியைப் பற்றிக் கேட்டார். மேசைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்திவைத்தார். அந்த ஒரு மணி நேரம் அவர் எனக்கு ஆலோசகராக இருந்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான்காவது வாரம் வந்தபோதுதான், சொல்ல வந்த விஷயத்தைச் சொன்னார். கணவர் குடியை நிறுத்தி இரண்டரை மாதம் ஆகிறது. சாயந்திரம் ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார். சோபாவில் உட்காருகிறார். "அவருகூட என்ன பேசறதுன்னே தெரியலைம்மா. சண்டை போடத் தெரியும், பணத்தை ஒளிச்சு வைக்கத் தெரியும். இது தெரியலை. இதை வெளியில சொன்னா கொழுப்புன்னு சொல்ல மாட்டாங்களா?"

என் அப்பா கடைசி வரை குடியை நிறுத்தவில்லை. குடியை விட்ட ஒருவர் சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பார் என்பது என் கதையில் எங்குமே இல்லை. என் காயத்துக்குத் தெரிந்த வழி, அது போன தூரம் வரைக்கும்தான். அதற்கு அப்பாலும் ஒரு வழி உண்டு, அதில் மனிதர்கள் நடக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. முதல் நாள் 'புரியுதுக்கா' என்று சொன்னபோது, என்னுடையதைத் தவிர வேறெதுவும் எனக்குப் புரிந்திருக்கவில்லை.

புதன்

சிகிச்சையாளர் தன்னைக் காட்டலாமா கூடாதா என்பது நூறு வருடத்துக்கு மேற்பட்ட வழக்கு. நோயாளிக்கு மருத்துவர் ஒரு கண்ணாடி போல இருக்க வேண்டும், தன்னைப் பற்றி எதுவும் தெரியவிடக் கூடாது என்று ஃபிராய்டு 1912இல் எழுதினார். அமெரிக்காவின் மார்ஷா லினஹனும் தன் கடந்த காலத்தை வெகுகாலம் பொதுவெளியில் காட்டவில்லை. தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு வேதனைப்படுகிறவர்களுக்காக டிபிடி என்ற சிகிச்சை முறையை உருவாக்கியவர் அவர். 2011 ஜூன் மாதம், ஹார்ட்ஃபோர்டு நகரத்து மனநல மருத்துவமனை ஒன்றில் பேசும்போது, 1961இல், 17 வயதில், தானே அங்கே நோயாளியாக அடைபட்டுக் கிடந்ததை வெளியே சொன்னார். சொன்னபோது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது. இருப்பதை இருப்பதாக ஏற்பதும் அதை மாற்ற முயல்வதும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பது அவருடைய முறையின் அடிநாதம். அது வெறும் நூலறிவில் வந்ததல்ல என்று அன்றைக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

ஆனால் வரிசையைப் பார்க்கிறேன். முறையை உருவாக்கி, சோதித்து, மற்றவர்களுக்குக் கற்பித்துப் பல வருடம் ஆன பிறகுதான் சொன்னார். சிகிச்சை மணி நேரத்தை அந்தக் கதை எடுத்துக்கொள்ளவில்லை. நான் என் கதையை ஆரம்பிக்க இரண்டே நிமிடம்தான் ஆனது.

என் மனதுக்கு இன்னும் நெருக்கமானவர் சென்னையின் சாந்தி ரங்கநாதன். டி.டி.கே. குடும்பத்து மருமகள். கணவர் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் இளம் வயதிலேயே இறந்தார். நம் ஊர்களில் அப்படி ஒரு சாவு நேர்ந்தால் குடும்பம் காரணத்தை மாற்றிச் சொல்லும். மஞ்சள் காமாலை என்பார்கள், மாரடைப்பு என்பார்கள். எங்கள் வீட்டிலும் 'லிவர்ல ஏதோ' என்றுதான் சொன்னோம். சாந்தி அம்மையார் அமெரிக்கா சென்று குடிநோய்ச் சிகிச்சையில் பயிற்சி எடுத்துக்கொண்டு திரும்பினார். 1980இல் கணவர் பெயரிலேயே அறக்கட்டளையைத் தொடங்கினார். எந்த நோயால் இறந்தாரோ அந்த நோய்க்கு மருத்துவமனை நடத்தும் அறக்கட்டளைக்கு அவர் பெயர். மறைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அங்கே சிகிச்சை அமைந்திருக்கும் விதம். குடிப்பவருக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்புவதில்லை. குடும்பத்தாருக்கும் தனியாகச் சிகிச்சை உண்டு. மனைவி, தாய், வயது வந்த பிள்ளைகள் வந்து உட்கார வேண்டும், பேச வேண்டும். குடித்தவர் தேறினாலும் அவரோடு வாழ்ந்தவர்கள் தேறியிருக்க மாட்டார்கள், அவர்களுக்கும் நோய் பிடித்திருக்கும் என்பது அதன் அடிப்படை. இது பாடநூலிலும் இருக்கிறது. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு மனைவி இதைத் தன் மருத்துவமனையின் நடுவில் வைப்பதில் வேறொரு அழுத்தம் இருக்கிறது. தன் கதையை ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மனைவிக்கென்று ஒரு நாற்காலி போட்டுவைத்தால் போதும், அந்த நாற்காலியே சொல்லிவிடும்.

அக்கா உட்கார்ந்திருக்க வேண்டியது அந்த நாற்காலியில். அவரை என் எதிரில் உட்கார வைத்துவிட்டு, என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழன், மதிய இடைவேளை

கேண்டன்மென்ட் குளோஸ் வரை நடந்தேன். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் அங்கே, புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. உள்ளே போகவில்லை. எதிரில் நின்று ஒரு தே-ஓ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

1969இலிருந்து இயங்குகிறது. உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கிற எவரும் எந்த நேரமும் 1767 எண்ணை அழைக்கலாம். இந்த ஊரில் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 2020 ஜனவரி 1 அன்றுதான் நீங்கியது. அதற்கு முந்தைய ஐம்பது வருடம், போலீசுக்கும் பயந்துகொண்டுதான் பலர் அந்தத் தொலைபேசியை எடுத்திருப்பார்கள்.

தமிழ்ப் பெயரில் 'அபயம்' என்று வைத்தவர் யாரோ, அவரை நினைத்துக்கொள்வேன். காளிக்கு ஆயுதம் பிடித்த கைகளோடு அபயக் கை ஒன்றும் உண்டு. உள்ளங்கையைக் காட்டி, அஞ்சாதே என்று மட்டும் சொல்லும் கை. அந்தக் கையில் எந்தப் பொருளும் இருக்காது.

லண்டனில் இது போன்ற அமைப்புகளுக்கெல்லாம் மூலமான சமாரிட்டன்ஸைத் தொடங்கியவர் சாட் வாரா என்ற பாதிரியார். 1935இல், பாதிரியாராகப் பொறுப்பேற்ற புதிதில் அவர் நடத்திய ஓர் அடக்கம், தன்னுயிரை மாய்த்துக்கொண்ட பதின்ம வயதுப் பெண் ஒருத்தியுடையது. முதல் மாதவிடாயை ஏதோ கெட்ட நோய் என்று நினைத்துவிட்டாள் அந்தப் பிள்ளை. கேட்பதற்கு அவளுக்கு ஒருவரும் இல்லை. (மஞ்சள் நீராட்டி ஊரைக் கூட்டிச் சோறு போடும் நம் வீடுகளில்கூட, அந்தப் பெண்ணை உட்கார வைத்து விஷயம் இதுதான் என்று சொல்பவர்கள் எத்தனை பேர்?) அந்தக் குழி அவரை விடவில்லை. 1953இல் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆலோசனை சொல்லத் தயாராக அவர் உள்ளறையில் இருந்தார். வெளியறையில் காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில தொண்டூழியர்கள். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார். வெளியறையில் தேநீரோடு பேசிவிட்டுப் பலர், அவரைப் பார்க்காமலேயே மனம் லேசாகித் திரும்பிப் போனார்கள். 1954இல் தொலைபேசியை அந்தத் தொண்டூழியர்களிடமே ஒப்படைத்தார். உள்ளறையில் இருந்தவர் தன் நாற்காலியை விட்டு எழுந்த அந்த முடிவு, அவர் செய்தவற்றிலேயே பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளி

டிப்போ ரோடு ருத்ர காளியம்மன் கோயில். ஒரு காலத்தில் அலெக்சாண்டிரா செங்கல் சூளையில் வேலை செய்த தமிழர்கள் கும்பிட்ட அம்மன். 1983இல் இந்த இடத்துக்கு வந்தாள். அம்மா என்னையும் தம்பியையும் கூட்டி வருவாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

கோயில் இருக்கும் இந்த வட்டாரத்துக்கு மலாயில் சிவந்த குன்று என்று பெயர் வந்த கதையைப் பள்ளியில் படித்தோம். கரையில் நிற்பவர்களை வாள்மீன்கள் பாய்ந்து குத்திக் கொன்றன. ராஜாவும் வீரர்களும் திகைத்து நிற்க, ஒரு சிறுவன் வாழைத் தண்டுகளை வரிசையாக நட்டு வேலி கட்டச் சொன்னான். மீன்களின் மூக்கு தண்டில் சிக்கிக்கொண்டது. ஊர் பிழைத்தது. இவ்வளவு தெரிந்த பையன் நாளைக்கு ஆபத்து என்று ராஜா ஆளனுப்பினான். சிறுவனின் ரத்தம் ஓடி மலை சிவந்தது.

குடிக்கிற வீட்டில் முதலில் எல்லாம் தெரிவது பிள்ளைக்குத்தான். தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் அதற்குத் தெரியும்.

ஆபத்துக்குள்ளேயே இருந்தபடி அதைப் பார்த்தவர் இன்னொருவரும் உண்டு. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் நடந்த காலத்திலேயே அங்கிருந்து வைத்தியம் பார்த்தவர். 1998இல் வந்த அவருடைய நூலின் பெயரே தழும்பேறிய மனங்கள் என்ற பொருள் கொண்டது. பாடநூல்கள் போருக்குப் பிந்தைய பாதிப்பு என்று எழுதும். அவருக்கும் அவரிடம் வந்தவர்களுக்கும் போர் இன்னும் முடிந்திருக்கவில்லை. ஒரே ஷெல் சத்தத்துக்கு இருவரும் குனிந்திருப்பார்கள். தனி மனிதரின் மனத்தோடு நிற்காமல், குடும்பம், கிராமம், சமூகம் முழுவதும் காயப்பட்டிருக்கிறது என்று அவர் எழுதியதற்கு, அங்கேயே வாழ்ந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அங்கிருந்து வந்த 'மனவடு' என்ற சொல்லை நானும் எடுத்துக்கொண்டேன். புண்ணைத் தொட்டால் தொட்டவர் கையிலும் ஒட்டும். வடு ஒட்டாது. எதிரில் ஒருவரை உட்கார வைப்பதற்கு முன், என்னுடையது புண்ணா வடுவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கா முதலில் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை அது புண்ணாக இருந்தது.

சனி

அக்கா வந்தார். நான் எதுவும் பேசவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. ஜிப் திறந்து மூடியது. வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "நேத்து அவரே காப்பி போட்டார்மா. சீனி போட மறந்துட்டார். நானும் சொல்லலை, குடிச்சிட்டேன்."

"ம்," என்றேன்.

ஜிப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டார்.

ஞாயிறு

அம்மாவைப் பார்க்கப் போனேன். புளோக்கில் இப்போது லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்கிறது, மேம்பாட்டு வேலை முடிந்து பல வருடம் ஆகிறது. ஏழாம் எண்ணை அழுத்தப் போன விரல் ஐந்தை அழுத்தியது. இறங்கிப் படியேறினேன். ஆறாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினேன். எனக்கும் வயதாகிறது.

கதவு திறந்திருந்தது. அம்மா கம்பிக் கதவுக்குப் பின்னால், சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"ஏன் பாப்பா, லிஃப்ட் ரிப்பேரா?"

"இல்லம்மா. சும்மாதான்."

"ஆறுல நின்ன சத்தம் கேட்டுச்சு. ஒரு நிமிஷம் நெஞ்சு பக்குன்னுச்சு."

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றேன். "நீயும் எண்ணுவியாம்மா?"

பூட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்: "எண்ணாம எப்படித் தூங்கறது? நீ தம்பியை எம்பக்கம் தள்ளும்போது நான் முழிச்சிட்டுத்தான் இருப்பேன். நான் முழிச்சிருக்கிறது தெரிஞ்சா நீ ரொம்பப் பயந்துடுவேன்னு கண்ணை மூடிக்குவேன்."

உள்ளே அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. தீயைக் குறைத்துவிட்டு வரச் சொன்னாள். போய்க் குறைத்துவிட்டு வந்தேன்.