சாவிக்குச் சாட்சி யார்?

மும்பை லேமிங்டன் ரோட்டில் பழைய அலுவலகக் கணினி ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, செம்பூரிலோ மாட்டுங்காவிலோ உள்ள ஃபிளாட்டில் ஷூ அலமாரிமேல் வைத்து, அதில் டெபியன் லினக்ஸ் ஏற்றி வீட்டு சர்வராக்குகிறவர் எதற்காக இத்தனை பாடுபடுகிறார்? குடும்பப் படங்களும் கணக்கு வழக்கும் யாரோ ஒருவருடைய கிளவுடில் கிடக்க வேண்டாம் என்றுதான். இனி எவரையும் நம்பியிருக்க வேண்டாம் என்ற நிம்மதி.

அந்த நிம்மதி முதல் நாளே கலைந்துவிடும். லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வருக்குள் போனால், இந்த இயந்திரத்தின் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை, தொடரலாமா என்று திரை கேட்கும். கூடவே தலைகால் புரியாத எழுத்துச் சரம் ஒன்று. அநேகம் பேர் அதைப் படிக்காமலே ‘எஸ்’ தட்டிவிடுவார்கள்.

ஒன்றை மெய்யென்று எதைக்கொண்டு அறிவது? மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி காட்சி (நேரே காண்பது), கருதல் (அனுமானிப்பது) தொடங்கி அறியும் வழிகள் பத்தை அடுக்குகிறான். சர்வர்காரருக்குப் பெரும்பாலும் வாய்ப்பது அவற்றில் ஒன்றான ஆகமம், அதாவது நம்பத்தக்கவர் சொல். டெபியனின் சாவியோடு கையொப்பம் பொருந்தினால்தான் அப்டேட் இறங்கும். அந்தச் சாவிக்குச் சாட்சி? முதலில் நிறுவிய ஐஎஸ்ஓ கோப்பு. அதற்கு? பௌத்த அறிஞர் நாகார்ஜுனர் ‘விக்ரகவியாவர்த்தனி’யில் கேட்டதும் இதுதான்: பொருள்களைப் பிரமாணம், அதாவது அறியும் வழி, நிறுவுகிறதென்றால், பிரமாணத்தை நிறுவுவது எது?

செம்பூருக்கு அருகிலுள்ள மான்குர்டிலேயே அந்தப் பெயரில் ஓர் அறிஞர் பணியாற்றியது சுவையான தற்செயல். ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் நாகார்ஜுனா ஜி. அறிவியல் தத்துவம் பயின்றவர். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தவர். மூலநிரலைத் திறந்து வையுங்கள், யார் வேண்டுமானாலும் சோதிக்கட்டும் என்பது அந்தக் கேள்விக்குக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் விடை.

அது பாதி விடைதான். மூலநிரல் சுத்தமாக இருந்தாலும் கம்பைலருக்குள் கள்ளம் ஒளிந்திருக்கலாம் என்று, 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் கென் தாம்சன் காட்டிவிட்டார். 2024 மார்ச்சில் வெளிப்பட்டது இன்னும் உறைப்பானது. எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக உழைத்தார். பொறுப்பு கைக்கு வந்தபின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எஸ்எஸ்ஹெச்சுக்குக் கள்ளவழி ஒன்றைப் பொதித்தார். வெளியீட்டில் கையொப்பமிட்டவரே அவர்தான் என்பதால் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர். உள்ளே நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டத் தொடங்கியவர் அவர். ஆகமம் கைவிட்ட இடத்தில் காட்சியும் கருதலும் காப்பாற்றின.

எவரையும் நம்பாத சர்வர் என்று ஒன்று கிடையாது. யாரை, எந்த அளவுக்கு நம்புவது என்று வைத்திருப்பவரே முடிவுசெய்யலாம். கிளவுடில் அந்த உரிமை இல்லை. கடவுச்சொல் நுழைவை அடைத்துச் சாவியை மட்டும் அனுமதிப்பதும், தேவையில்லாத போர்ட்டுகளை மூடுவதும் அந்த முடிவின் பகுதிகள். புதியதற்கு அவசரப்படாமல் இருப்பதும் அப்படித்தான்: கள்ளவழி பொதிந்த அந்த இரண்டு பதிப்புகளும் டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிளுக்கு வந்து சேரவே இல்லை.