வெற்றியை வேண்டும் முறை

மனிதன் தனக்காக ஒன்றை வேண்டும்பொழுது நாணம் குறுக்கிடுகின்றது. பிறர் கேட்டால் என்ன நினைப்பர் என்னும் எண்ணம் அவன் ஆசைக்கு ஓர் அளவு வகுத்துவிடுகின்றது. தன் ஊருக்காகவோ தன் கூட்டத்திற்காகவோ வேண்டும்பொழுது அந்த நாணம் அகன்றுவிடுகின்றது. ஊரின் பெயரால் எதையும் வேண்டலாம் என்னும் துணிவு வந்துவிடுகின்றது. அதனால் ஒருவனுடைய உள்ளத்தை அறிய விரும்புவோர், அவன் தனக்காக என்ன வேண்டுகின்றான் என்பதைக் காட்டிலும் தன் கூட்டத்திற்காக என்ன வேண்டுகின்றான் என்பதையே உற்றுநோக்க வேண்டும். இதற்குப் போர்க்களத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. தம் காற்பந்து அணி வெளியூருக்குச் சென்று வலிய அணியொன்றை எதிர்கொள்ளப் போகும் நாளுக்கு முந்திய மாலையில், காப்பிக் கடையில் இரசிகர்கள் பேசும் பேச்சைச் சற்றே செவிமடுத்தால் போதும்.

பினாங்குத் தீவுக்கு அத்தகைய மாலைகள் புதியன அல்ல. பிரிட்டனின் 'மலாயா' என்னும் போர்க்கப்பலைச் சேர்ந்தோர் வழங்கிய கிண்ணத்திற்காக 1921ஆம் ஆண்டு தொடங்கிய போட்டியே, 1967 முதல் மலேசியக் கிண்ணம் என்னும் பெயரில் நடைபெற்று வருகின்றது. ஒரு நூற்றாண்டுக் காலம் மாநிலங்கள் ஒன்றன்மீது ஒன்று கொண்டிருந்த பெருமிதமும் பொறாமையும் அந்தக் கிண்ணத்தைச் சுற்றியே வளர்ந்தன. சிலாங்கூரோடு ஆட்டம் என்றாலும், பேராக்கோடு ஆட்டம் என்றாலும், அண்டை மாநிலமான கெடாவோடு ஆட்டம் என்றாலும் ஜார்ஜ் டவுனில் பேச்சு ஒன்றாகவே இருக்கும். "அவர்களுடைய முன்னணி ஆட்டக்காரனுக்குக் கால் சுளுக்கிக்கொண்டால் நமக்கு நல்லது" என்பார் ஒருவர். "நல்ல மழை பெய்து களம் சேறானால் பிழைத்தோம்" என்பார் இன்னொருவர். "நடுவர் யார்?" என்று கேட்பார் மூன்றாமவர். எல்லாரும் சிரிப்பர். சிரிப்பில் தவறில்லை. ஆயினும் அந்தச் சிரிப்பின் அடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கின்றது. கடினமான ஆட்டத்தை எதிர்நோக்கி நிற்கும் இரசிகன் எதனை வேண்டலாம்? எதனை வேண்டலாகாது?

வெளியூர் ஆட்டம் ஏன் கடினமானது என்பதை முதலில் காண்போம். திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வலிமையும் தக்க காலமும் வாய்த்தபின்னும் இடம் என்று ஒன்று எஞ்சி நிற்கின்றது என்பதே அவ்வைப்பு முறை உணர்த்தும் உண்மை. ஆழ்நீரில் எவரும் அஞ்சும் முதலை, கரையேறினால் பிறர்க்கு எளிதாகிவிடுகின்றது என்று அவர் காட்டும் சான்று, வெளியூர் செல்லும் எந்த அணிக்கும் பொருந்தும். பழகாத புல்தரை, நெடும்பயணத்தின் களைப்பு, செவியை அடைக்கும் எதிர்ப்புக் குரல் ஆகிய மூன்றையும் சுமந்துகொண்டுதான் அந்த அணி களமிறங்குகின்றது.

குரலின் வலிமை எத்தகையது என்பதை 2020ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. பெருந்தொற்றினால் அரங்குகள் மூடப்பட்டு, பார்வையாளர் இன்றியே ஆட்டங்கள் நடைபெற்றன. அவற்றை ஆராய்ந்தோர், சொந்தக் களத்தில் ஆடும் அணிக்கு வழக்கமாகக் கிட்டும் ஆதாயம் குறைந்ததைக் கண்டனர். வெளியூரிலிருந்து வந்த அணிக்கு நடுவர்கள் மஞ்சள் அட்டை காட்டுவதும் முன்னைவிடக் குறைந்தது. கூட்டத்தின் ஆரவாரம் ஆட்டக்காரரை மட்டுமன்றி நீதி வழங்க நிற்பவரையும் அசைக்கின்றது என்பது இதனால் தெளிவாகும். இரசிகன் வெறும் பார்வையாளன் என்று எண்ணியிருந்தோர் அவ்வெண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஐரோப்பியப் போட்டிகளில் இரு சுற்று ஆட்டங்களின் கோல் கணக்கு சமமானால், வெளியூரில் போட்ட கோலுக்கே கூடுதல் மதிப்பு என்னும் விதி 1965இல் புகுந்து 2021இல்தான் நீக்கப்பட்டது. அயல் மண்ணில் பெறும் ஒன்று சொந்த மண்ணில் பெறும் ஒன்றைவிட அரியது என்பதைச் சட்டமே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் ஒப்புக்கொண்டிருந்தது.

நம் தீவினர்க்கு இந்த அருமை நன்கு தெரியும். 1953, 1954, 1958 ஆகிய ஆண்டுகளில் கிண்ணத்தை வென்ற பினாங்கு, 1968இல் மீண்டும் இறுதியாட்டத்திற்குச் சென்றது. ஆட்டம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில், எதிரணியோ சிலாங்கூர். அந்நாளில் கோலாலம்பூர் சிலாங்கூரின் தலைநகராகவே இருந்தது. பெயரளவில் பொதுக்களமாயினும் பினாங்கு இரசிகர்க்கு அது வெளியூர் ஆட்டமே. பாலம் இல்லாத காலம். பினாங்குப் பாலம் 1985இல்தான் திறக்கப்பட்டது. பெரியில் ஏறிப் பட்டர்வொர்த்தை அடைந்து, அங்கிருந்து தெற்கே நெடுவழி செல்ல வேண்டும். அவ்வாறு சென்று கண்டது எட்டுக்கு ஒன்று என்னும் தோல்வி! ஆறாண்டுகள் கழித்து, 1974இல், அதே அரங்கத்தில் பேராக்கை இரண்டுக்கு ஒன்று என்று வென்று கிண்ணத்தைக் கொணர்ந்தது பினாங்கு. 1977இல் மீண்டும் இறுதியாட்டம். சிங்கப்பூரிடம் மூன்றுக்கு இரண்டு என்று தோல்வி. 1998லும் 2001லும் நாட்டின் முதல்நிலை லீக் போட்டியில் முதலிடம் கண்ட அணி, 1974க்குப்பின் அந்தக் கிண்ணத்தை மட்டும் மீண்டும் தொட்டதில்லை.

இந்தக் கணக்கை நான் எடுத்துக்கூறுவதற்குக் காரணம் உண்டு. 1968இல் எட்டு கோல்களைக் கண்டு திரும்பியவர்களுள் பலர், 1974இலும் அதே வழியே சென்றிருப்பர். இடைப்பட்ட ஆறாண்டுகள் அவர்களைத் தாங்கி நின்றது எது? வெற்றி கிட்டும் என்னும் கணக்காக இருந்திருக்க முடியாது. கணக்கு அவர்களுக்கு எதிராகவே இருந்தது. தம்மவர் நன்றாக ஆடுவதைக் காண வேண்டும், அது நிகழும் நாளில் தாம் அருகிருக்க வேண்டும் என்னும் பற்றே அது. ஏழாண்டு கழித்து மருமகன் வருவான் என்று வீட்டை மெழுகி வைத்திருக்கும் தாயின் நம்பிக்கையை ஒத்தது அது. அத்தகைய நம்பிக்கை அறத்தோடு முரண்படுவதில்லை. எதிரியின் கால் முறிய வேண்டும் என்று அஃது ஒருபொழுதும் கேட்பதில்லை; ஏனெனில் கால் முறிந்தவனை வென்றால் தான் காத்திருந்தது வரவில்லை என்று அதற்குத் தெரியும்.

"வேண்டுவதனால் என்ன நேர்ந்துவிடும்? நான் வேண்டினால் ஒருவன் கால் சுளுக்கிவிடுமா?" என்று கேட்போர் உண்டு. சுளுக்காது, உண்மை. ஆயினும் வேண்டுதல் வேண்டியவன் உள்ளத்திலேயே தங்கிவிடுகின்றது. எதிரணி வலிமை குன்ற வேண்டும் என்று ஆசைப்படுவதற்கும், அந்த வலிமையைக் குன்றச் செய்ய வழி தேடுவதற்கும் இடையே உள்ள தொலைவு நாம் எண்ணுமளவு பெரிதன்று. 1969ஆம் ஆண்டு ஜூன் திங்களில் உலகக் கிண்ணத் தகுதியாட்டங்களுக்காக ஹோண்டுராசும் எல் சால்வடோரும் மோதியபொழுது, வந்த அணி தங்கியிருந்த விடுதியைச் சூழ்ந்து இரவெல்லாம் கூச்சலிட்டு உறக்கத்தைக் கெடுத்தனர் உள்ளூர் இரசிகர்; மறு ஆட்டத்தில் அவ்வாறே பதிலும் கிடைத்தது. அடுத்த திங்களில் அவ்விரு நாடுகளும் போரில் இறங்கின. நிலச் சிக்கலும் குடியேறியோர் சிக்கலுமே அப்போரின் மெய்யான காரணங்கள். ஆயினும் மூண்டிருந்த பகைக்கு விசிறியாய் நின்றவர்கள் இரசிகர்களே. இன்னும் அருகில் வருவோம். 1994ஆம் ஆண்டை ஒட்டி நம் நாட்டுக் காற்பந்தில் ஆட்டங்கள் விலைபோன செய்தி வெளிவந்து, ஆட்டக்காரர் பலர் தடைசெய்யப்பட்டனர். இரசிகர் நெஞ்சு புண்பட்டது, அதில் வியப்பில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 'எதிரணி இன்று தன் முழு ஆற்றலையும் காட்டாதிருந்தால் நல்லது' என்பது இரசிகனின் ஆசை. அதே ஆசையைப் பணம் கொடுத்து நிறைவேற்றிக்கொண்டவன் சூதாடி. இருவரும் வேண்டிய பொருள் ஒன்றே. ஒருவன் விலை கொடுத்தான், மற்றவன் கொடுக்கவில்லை.

நம் முன்னோர் போரையே இலக்கணப்படுத்தியவர்கள். தொல்காப்பியர் கூறும் புறத்திணைகளுள் வஞ்சி என்பது மண்ணாசையால் பிறர் நாட்டின்மீது படையெடுத்துச் செல்வது. தும்பை என்பது தன் வலிமையைப் புலப்படுத்தும் பொருட்டே வந்தவனோடு எதிர்நின்று பொருவது. ஒன்றில் பெறும் பொருள் நிலம். மற்றதில் பெறும் பொருள் ஆற்றலின் மெய்ப்பிப்பு. வெளியூர் ஆட்டத்திற்குச் செல்லும் அணி எல்லை கடந்து செல்வதால் அது வஞ்சிபோல் தோன்றுகின்றது; உண்மையில் அது தும்பையே. ஆட்டம் முடிந்தபின் எந்த மண்ணும் கைமாறுவதில்லை. அலோர் ஸ்டாரில் பினாங்கு வென்றால் கெடாவின் வயல் ஒன்றும் நமக்கு வந்துவிடாது. வஞ்சியில் எதிரி இல்லாமலே போனால் ஆதாயம். தும்பையில் எதிரி இல்லையெனில் போரே இல்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாத இரசிகனே எதிரணியை ஒழிக்கப்பட வேண்டிய பகையாகக் காண்கின்றான்.

நாம் நாள்தோறும் பழகும் மலாய்மொழி இவ்விடத்தில் நமக்கு ஓர் அழகிய பாடம் சொல்லித் தருகின்றது. சொந்தக் களத்தில் ஆடும் அணியை அம்மொழி 'துவான் ரூமா' என்கின்றது. வீட்டுக்கு உடையவர் என்பது பொருள். வந்த அணி 'பெலாவாட்', அதாவது வருகையாளர். எதிரி என்னும் எண்ணத்திற்கு முன்பே வீட்டார், வந்தார் என்னும் உறவை அச்சொற்கள் நிறுவிவிடுகின்றன. விருந்து என்னும் தமிழ்ச் சொல்லின் முதற்பொருள் புதுமை. முன்பின் அறியாத புதியவரே நம் மரபில் விருந்தினர். அவ்வாறாயின், வந்த ஆட்டக்காரனின் நிறத்தையும் இனத்தையும் தாயையும் பழித்துக் கூவுவது எந்த வீட்டாரின் பண்பு? அயலூருக்கு நாம் செல்லும்பொழுது எதிர்பார்க்கும் மரியாதையை, நம் நகர அரங்கத்திற்கு வருவோர்க்கு நாம் தருகின்றோமா?

எதிரணியை மதிப்பது சொந்த அணியிடத்துள்ள பற்றைக் குறைத்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவர்களுக்கு ஆறுமுகத்தை நினைவூட்ட விரும்புகின்றேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிலாங்கூரின் கோல் காவலராக விளங்கியவர் அவர். நீண்ட கைகளால் 'சிலந்தி மனிதர்' என்று பெயர் பெற்றவர். 1988இல் சாலை விபத்தில் மறைந்தவர். அவர் காத்து நின்ற கோலுக்குள் பந்து புக வேண்டும் என்றுதான் பினாங்குத் தமிழ் இரசிகர் விரும்பினர். ஆனால் அவர் பாய்ந்து பந்தைத் தடுத்தபொழுது, அதே நெஞ்சில் ஒரு பெருமிதமும் எழுந்தது என்று மூத்தோர் சொல்வர். இதனை இரண்டகம் என்று கூறுதல் பொருந்தாது. வெற்றியை விரும்பும் கண்ணும் திறமையை விரும்பும் கண்ணும் ஒரே முகத்தில் திறந்திருந்த நிலை அது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆட்டம் பார்ப்பவனுக்குப் பாதி ஆட்டமே தெரியும். அந்த ஆறுமுகமே நாட்டின் சட்டையை அணிந்து நின்றபொழுது, பினாங்கின் சுக்கோர் சாலேயும் அவரோடு ஓரணியாக நின்றார். 1980இல் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது அவ்வணி. மாஸ்கோவுக்கு எதிரான புறக்கணிப்பில் மலேசியாவும் சேர்ந்ததால் அவர்கள் அங்குச் செல்ல இயலவில்லை என்பது வேறு வருத்தம். நேற்று எவருடைய கால் முறிய வேண்டும் என்று ஒருவன் வேண்டினானோ, அவருடைய காலையே நாடு நாளை நம்பி நிற்கக்கூடும்.

பகை எதிரணியோடு நின்றுவிடும் என்று எண்ணுவதும் பேதைமை. 2022 அக்டோபர் முதல் நாள் இந்தோனேசியாவின் மாலாங் வட்டாரத்தில், காஞ்சுருகான் அரங்கத்தில் உள்ளூர் அணி தோற்றது. எதிரணியின் இரசிகர்கள் அன்று அங்கு அனுமதிக்கப்படவே இல்லை. ஆயினும் தோல்வியைப் பொறாதோர் களத்தில் இறங்க, காவலர் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீச, வாயில்களை நோக்கி ஓடியோர் நெரிசலில் சிக்கினர். 135 உயிர்கள் மாண்டன. பெரும்பழி புகை வீசியோரையும் அரங்கத்தைப் பொறுப்பின்றி நடத்தியோரையும் சாரும். எனினும் தோல்வியை ஏற்கப் பழகாத நெஞ்சம், பகைவன் இல்லாத இடத்திலும் அமைதி காணாது என்பதற்கு அந்த இரவு சான்று.

"இவ்வளவு சீர்தூக்கிப் பார்த்தால் ஆரவாரம் ஏது? பற்றில்லாத ஆட்டம் உப்பில்லாத சோறு அன்றோ?" என்று இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வி. நடுவரைப்போல் இரசிகனும் நடுநிலை வகிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. தொண்டை வறளக் கூவுக. தோற்றால் அன்றிரவு உணவு இறங்காமற் போகட்டும். தன் பிள்ளை ஓட்டத்தில் முதலாவதாக வர வேண்டும் என்று விரும்பாத தாய் உண்டா? ஆனால் மற்றப் பிள்ளைகள் இடறி விழ வேண்டும் என்று வேண்டும் தாயைக் கண்டால் நாம் முகஞ்சுளிக்கின்றோம். பற்றுக்கும் கேட்டுக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு பள்ளித் திடலில் எல்லார்க்கும் விளங்குகின்றது. பெரிய அரங்கத்தில், பல்லாயிரவர் நடுவே, அது மறைந்துவிடுகின்றது.

பள்ளித் திடலைக் குறிப்பிட்டதற்குக் காரணம், இந்தப் பாடம் அங்கேயே தொடங்குகின்றது என்பதாகும். மாணவர் நம் அறிவுரையைக் காட்டிலும் நம் பேச்சையே மிகுதியாகக் கற்றுக்கொள்கின்றனர். வேறு பள்ளிக்கு ஆடச் செல்லும் அணியை வழியனுப்புகையில் ஆசிரியரும் பெற்றோரும் "அவர்கள் ஒன்றுக்கும் உதவாதவர்கள், ஊதித் தள்ளிவிடலாம்" என்று ஊக்கமூட்டுவது வழக்கம். அதனால் பிள்ளைக்கு இரு தீங்குகள் நேர்கின்றன. வென்றால் உதவாதவரை வென்றான்; தோற்றால் உதவாதவரிடம் தோற்றான். இரண்டிலும் அவன் ஆட்டத்திற்கு மதிப்பில்லை. மாறாக, "அவர்கள் வலியவர்கள், அவர்கள் இடத்தில் ஆடுகின்றீர்கள், உங்களுடைய நல்ல ஆட்டத்தை அவர்கள் காணட்டும்" என்று சொல்லி அனுப்பினால், வெற்றியும் தோல்வியும் அவனுக்குப் பொருளுடையனவாகும்.

ஆகவே, கடினமான வெளியூர் ஆட்டத்தை எதிர்நோக்கும் இரசிகன் வேண்டத்தக்கவை மூன்று. முதலாவது, இரு பக்கத்தாரும் நலமாகக் களமிறங்க வேண்டும். இரண்டாவது, நடுவர் எவர் குரலுக்கும் அஞ்சாமல் கண்டதைச் சொல்ல வேண்டும். மூன்றாவது, அவர்களுடைய சிறந்த ஆட்டத்தைவிட நம்முடைய ஆட்டம் ஒரு கோல் அளவேனும் சிறந்திருக்க வேண்டும். மூன்றாவது வேண்டுகோளில் ஊர்ப்பற்று முழுமையாக இருக்கின்றது. முதல் இரண்டும் அதனைக் கறைபடாமல் காக்கின்றன. இம்மூன்றையும் எதிரூர்க்காரர் செவியிலும் உரக்கச் சொல்லலாம், நாண வேண்டியதில்லை. பிறர் கேட்கச் சொல்லக்கூடிய வேண்டுதலே நேர்மையான வேண்டுதல். பாலத்தைக் கடந்து செல்லும் இரசிகர் பேருந்துகளில் கொடிகளோடு இந்த நேர்மையும் உடன் செல்லுமாயின், எட்டு கோல் வாங்கித் திரும்பினும் நம் தீவு தலைகுனிய வேண்டியிராது.