மூலிகையின் ஆற்றல் எங்கே இருக்கிறது?

ஒரு மூலிகை நோயைத் தீர்க்கிறது என்றால், தீர்க்கும் ஆற்றல் முழுச் செடிக்கும் உரியதா, அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருளுக்கு உரியதா? மருத்துவக் கேள்வியாகத் தோன்றும் இது, பொருளுக்கும் குணத்துக்கும் உள்ள உறவு பற்றிய பழைய தத்துவக் கேள்வியும் ஆகும்.

குணம் தனித்து நிற்பதில்லை, ஒரு திரவியத்தை, அதாவது பொருளை, பற்றியே நிற்கும் என்பது வைசேடிகம் என்ற இந்தியத் தத்துவப் பிரிவின் நிலைப்பாடு. சித்த மருத்துவம் மருந்தின் செயலைச் சுவை, குணம், வீரியம், பிரிவு, மகிமை என ஐந்தாக வகுத்தது. மகிமைக்கு ஆயுர்வேதம் தரும் பெயர் பிரபாவம். கொடிவேலி, தந்தி என்ற இரு மூலிகைகளும் சுவையிலும் வீரியத்திலும் பிரிவிலும், அதாவது செரித்த பின் பெறும் சுவையிலும், ஒத்தவை. ஆயினும் தந்தியே பேதியாக்கும் என்று ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை எடுத்துக்காட்டுகிறது. மற்றவற்றால் விளக்க முடியாமல் மிஞ்சுவதே பிரபாவம்.

ஐரோப்பாவிலும் இதே இடர் இருந்தது. 1673இல் அரங்கேறிய மோலியேரின் நாடகம் ஒன்றில், அபின் ஏன் தூங்க வைக்கிறது என்ற கேள்விக்கு, அதில் தூங்க வைக்கும் ஆற்றல் இருப்பதால் என்று விடை வருகிறது. விளைவுக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டு அதையே காரணமாகக் காட்டும் பிழைக்கு மெய்யியலார் இன்றும் இதையே சான்றாகச் சொல்கின்றனர். பிரபாவம் என்ற கருத்து இப்பிழையிலிருந்து வேறுபட்டது: அது விளக்கம் தந்துவிட்டதாகக் கூறவில்லை, விளக்கம் எங்கே நின்றுபோகிறது என்பதைக் குறித்து வைத்தது.

அந்த எல்லையைத் தாண்ட உதவியது, திரவங்களைக் கொண்டு பிரிக்கும் முறை. ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்களிடையே ஒரு பொருள் தன் கரைதிறனுக்கு ஏற்பக் குறிப்பிட்ட விகிதத்தில் பங்கிடப்படும்; இவ்விதியை வால்டர் நெர்ன்ஸ்ட் 1891இல் வகுத்தார். பிரிபுனலில் நீரையும் ஈதரையும் சேர்த்துக் குலுக்கி நிற்கவிட்டால், எடை குறைந்த ஈதர் மேலும் நீர் கீழுமாக இரு அடுக்குகள் உண்டாகும். செடிகளில் உள்ள காரத்தன்மை கொண்ட பொருள்களான ஆல்கலாய்டுகள் அமிலம் சேர்த்தால் உப்பாகி நீருக்குள் இறங்கும். காரம் சேர்த்தால் உப்பு நிலை நீங்கி, படிவாக விழும் அல்லது கரிமக் கரைப்பானுக்குச் செல்லும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதித்துச் செயல் உள்ளதை மட்டும் மேலும் பிரித்துக்கொண்டே போனால், இறுதியில் ஒரு தூய பொருள் கையில் நிற்கும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் அபினை வெந்நீரில் ஊறவைத்து, அச்சாற்றில் அம்மோனியா சேர்த்து மார்பினைப் படிவாக இறக்கினார். 1817இல் அதன் இயல்புகளை விரிவாக வெளியிட்டார். தூங்க வைக்கும் ஆற்றலுக்கு ஒரு முகவரி கிடைத்தது. பின்னர் அதே அபினிலிருந்து கோடீனும் பாப்பவரினும் பிரிந்து வந்தன. கோடீன் இருமலைத் தணிக்கும். பாப்பவரின் தசைகளைத் தளர்த்தும், ஆனால் மார்பினைப் போல வலியைப் போக்காது. ஒரே ஆற்றலாகத் தோன்றியது பல பொருள்களின் பல செயல்கள் என்று தெளிவாயிற்று.

எந்தத் திரவத்தைத் தேர்கிறோம் என்பதும் விடையை மாற்றும். மாசிபத்திரியின் பேரினத்தைச் சேர்ந்த ஆர்ட்டிமிசியா அன்னுவா என்ற செடியைச் சீன ஆய்வாளர் தூ யூயூவின் குழு மலேரியாவுக்காக ஆராய்ந்தபோது, முதலில் நிலையான பலன் கிட்டவில்லை. 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹொங்கின் நூல், அச்செடியை நீரில் நனைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறது, காய்ச்சச் சொல்லவில்லை. வெப்பம் மருந்தை அழிக்கக்கூடும் என்று கருதிய தூ, ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் கொதிக்கும் ஈதரைக் கரைப்பானாகக் கொண்டார். அச்சாற்றின் அமிலப் பகுதியைக் காரத்தால் நீக்கினார். எஞ்சிய நடுநிலைப் பகுதி 1971இல் எலிகளின் மலேரியாவை முற்றிலும் ஒடுக்கியது. 1972இல் ஆர்ட்டிமிசினின் படிகமாகக் கிடைத்தது. இப்பணிக்காக 2015இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

ஆற்றல் அப்படியானால் படிகத்தில்தான் உள்ளதா? பாதி மட்டுமே உண்மை. ஆர்ட்டிமிசினின் மூலக்கூறில் உள்ள பெராக்சைடுப் பிணைப்பு, மலேரியா ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினைச் செரிக்கும்போது வெளிப்படும் இரும்புச் சேர்மத்தைச் சந்தித்த பின்பே கொல்லும் ஆற்றலைப் பெறுகிறது. மார்பினும் நரம்பணுக்களில் உள்ள ஏற்பிகளில் பொருந்தியே செயல்படுகிறது. 1973இல் அந்த ஏற்பிகள் ஆய்வகத்தில் நிறுவப்பட்டன. நலோக்சோன் என்ற மருந்து அவ்விடங்களைப் பிடித்துக்கொண்டால் மார்பின் உடலில் இருந்தும் பயனற்றது. எனவே குணம் திரவியத்தைப் பற்றி நிற்கிறது என்பது சரி. ஆனால் அது செயலாவது மற்றொன்றோடு சேரும்போதுதான்.

செடியைப் பிரிப்பது அதன் முழுமையைச் சிதைப்பது என்ற மறுப்பு நெடுங்காலமாக உள்ளது. அதில் ஓர் உண்மை உண்டு: ஒரு செடியின் பல பொருள்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தலாம், தணிக்கவும் செய்யலாம். ஆனால் அப்படி ஒரு கூட்டுச் செயல் இருக்கிறதா என்று அறியவும், பொருள்களைப் பிரித்துத் தனித்தனியே சோதித்து, மீண்டும் சேர்த்துப் பார்ப்பதைத் தவிர வேறு உறுதியான வழி இல்லை. செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் மாறுபடும் சாற்றைவிட அளந்து தரும் மருந்து நோயாளிக்குக் காப்பானது என்பதும் அறம் சார்ந்த காரணம். பிரித்தல் முழுமைக்குப் பகையன்று. முழுமை என்று சொல்லப்படுவதில் எவ்வளவு மெய் என்று காட்டும் சோதனை அது. எந்தப் பொருள் என்பதைப் பிரிபுனல் சொல்லும். அது எப்படிச் செயலாகிறது என்பதை உடலிடம்தான் கேட்க வேண்டும்.