காய்ச்சல்தானே என்கிறோம்!

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்களுக்கு நம் ஊர்களில் நடைபெறும் பயிற்சி வகுப்புகளில், இஹ்ராம் கட்டும் முறையையும் தவாபின் சட்டங்களையும் எடுத்துச் சொல்வது ஆலிம்களாகிய நம் வேலை. அது முடிந்ததும் டாக்டர் எழுந்து ஊசிகளைப் பற்றிப் பேசுவார். மூளைக்காய்ச்சல் ஊசி கட்டாயம் என்பார், சபையோர் தலையாட்டுவார்கள். அடுத்து, 'இன்ப்ளூயன்ஸா என்னும் ப்ளூ காய்ச்சலுக்கும் ஊசி இருக்கிறது. வயதானவர்களும், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களும் போட்டுக்கொள்வது நல்லது' என்பார். அப்போதுதான் சபையில் சலசலப்பு எழும்.

ஒருமுறை பெரியவர் ஒருவர் நம் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஆலிம்சா, அல்லாஹ்வுடைய வீட்டுக்குப் போகிறோம். அவன் பார்த்துக்கொள்ள மாட்டானா? சளிக் காய்ச்சலுக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டு போனால் தவக்குல் என்னாவது?"

இந்தக் கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஈமானுள்ள நெஞ்சிலிருந்து வந்த கேள்வி அது. ஆனாலும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சற்று முன்பு மூளைக்காய்ச்சல் ஊசிக்குத் தலையாட்டியபோது தவக்குல் ஏன் நினைவுக்கு வரவில்லை? 1987-ஆம் ஆண்டு ஹஜ்ஜில் அந்த நோய் பரவியது. 2000, 2001 ஆண்டுகளில் அதன் வேறொரு வகை பரவியது. ஆகவே அந்த ஊசி இல்லாமல் விசா இல்லை என்றாகிவிட்டது. கட்டாயம் என்றால் கையை நீட்டுகிறோம்; நம் விருப்பத்துக்கு விட்டால் தவக்குலைப் பேசுகிறோம். அப்படியானால் அது உண்மையில் தவக்குல்தானா, அல்லது நம் அசட்டைக்கு நாமே சூட்டிக்கொண்ட அழகிய பெயரா?

போர்க்களத்தில் தொழுகை நடத்தும் முறையை அல்லாஹுதஆலா சூரத்துந் நிஸாவில் கற்றுத் தருகிறான். தொழுகையில் நிற்கும்போதும் ஆயுதத்தை உடன் வைத்துக்கொண்டு எச்சரிக்கையாக இருக்கும்படி அங்கே கட்டளையிடுகிறான். அல்லாஹ்வின் சன்னிதானத்தில் நிற்கும் நேரத்தைவிடத் தவக்குலுக்கு உகந்த நேரம் எது? அந்த நேரத்திலேயே எச்சரிக்கை தவக்குலுக்கு மாற்றமாகவில்லை என்றால், பயணத்துக்கு முன் போடும் ஊசி மட்டும் எப்படி மாற்றமாகும்?

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குச் சென்றபோது ஸர்க் என்னும் இடத்தில், முன்னே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. ஸஹாபாப் பெருமக்களோடு ஆலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவ, ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் கலீபா அவர்கள் விடையளித்தார்கள். நோயும் அவன் நாட்டம், மருந்தும் அவன் நாட்டம்.

'தொற்று என்பது இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே' என்று கேட்பவர்களும் உண்டு. அதே நாயகம் (ஸல்) அவர்கள், நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களிடம் கொண்டு செல்ல வேண்டாம் என்றும் தடுத்திருக்கிறார்கள். இரண்டும் ஸஹீஹான அறிவிப்புகளே. நோய் அல்லாஹ்வின் நாட்டமின்றித் தன் சுயசக்தியால் தாவுகிறது என்ற ஜாஹிலிய்யாக் கால நம்பிக்கையை முதலாவது மறுக்கிறது. காரண காரியங்களை அவனே ஏற்படுத்தியிருக்கிறான், அவற்றைப் பேணுங்கள் என்று இரண்டாவது போதிக்கிறது. இமாம்கள் பலர் இவ்வாறே விளக்கியுள்ளனர்.

இனி, 'காய்ச்சல்தானே' என்ற சொல்லுக்கு வருவோம். மூக்கு ஒழுகும் சாதாரணச் சளியும் ப்ளூவும் ஒன்றல்ல. ப்ளூ திடீரென்று கடுங்காய்ச்சலாக வந்து, உடம்பை அடித்துப் போட்டதுபோல் ஆக்கிவிடும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். முதியவர்களுக்கும், கைக்குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் அது நுரையீரல் காய்ச்சலாக முற்றிவிடலாம். உலகில் ஆண்டுதோறும் 2 இலட்சத்து 90 ஆயிரம் முதல் 6 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வரை இதனால் மூச்சுக்கோளாறு ஏற்பட்டு இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜில் கூடியவர்கள் 18 இலட்சத்துக்கும் மேல். மினாவின் கூடாரத்தில் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும்போது ஒருவருடைய இருமல் ஒருவரோடு நிற்குமா?

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நோன்புப் பெருநாளன்று நமக்குக் கடுமையான காய்ச்சல். இருமிக்கொண்டே தொழ வைத்தோம், குத்பாவும் ஓதினோம். 'இவ்வளவு காய்ச்சலிலும் ஆலிம்சா வந்துவிட்டாரே' என்று ஜமாஅத்தார் பாராட்டினார்கள். நமக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். வரிசையாக எல்லாரோடும் முஸாபஹா, முஆனகா செய்தோம். முதலில் வந்து தழுவியவர் எழுபது வயதைக் கடந்த நம் மோதினார். மூன்றாம் நாள் அவர் படுக்கையில் விழுந்தார். நெஞ்சில் சளி கட்டிப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்து வந்தார். ஆனால் பாங்கு சொல்லும் அந்தக் குரல் பழையபடி திரும்பவில்லை.

நம்மிடமிருந்துதான் அது அவரைப் பற்றியதா? அல்லாஹ் ஒருவனே அறிவான். நாம் சென்று மன்னிப்புக் கேட்டபோது, "என்ன ஆலிம்சா, எல்லாம் அவன் நாட்டம்" என்று சிரித்தார். அதை அவர் சொன்னது அவருடைய ஈமானின் அழகு. அதே வார்த்தையை நாம் சொல்லியிருந்தால் அது நம் தவறின்மேல் போர்த்திய போர்வையாகியிருக்கும்.

அன்பர்களே, விதியைச் சொல்லித் தேறுதல் அடையும் உரிமை துன்பப்பட்டவருக்கு உண்டு. துன்பத்துக்குக் காரணமானவருக்கு இல்லை. நம் காய்ச்சலை நாம் தாங்கிக்கொண்டால் அது ஸப்ரு, கூலி உண்டு. அடுத்தவரைத் தாங்கிக்கொள்ளச் செய்தால் அது ஸப்ரு ஆகாது. அடியார்களின் ஹக்கு அங்கே குறுக்கே வந்துவிடுகிறது. பச்சைப் பூண்டு தின்றவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். வாடையால் பிறருக்கு ஏற்படும் சங்கடத்துக்கே அத்தனை பேணுதல் என்றால், நோய்க்கு எத்தனை பேணுதல் வேண்டும்!

'காய்ச்சல் வந்தால் ஒதுங்கி இருந்துகொள்கிறோம், ஊசி எதற்கு?' என்றால், ப்ளூ கண்டவர் காய்ச்சல் தெரிவதற்கு ஒருநாள் முன்பே பிறருக்கு அதைப் பரப்பத் தொடங்கிவிடலாம். ஊசி போட்டால் நோயே வராது என்றும் சொல்வதற்கில்லை. வரும் வாய்ப்புக் குறையும். வந்தாலும் கடுமை தணியும். ஊசியால் காய்ச்சல் வந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். ஊசியாகப் போடப்படும் ப்ளூ மருந்தில் உயிருள்ள கிருமி இல்லை. ஓரிரு நாள் கைவலியும் உடம்புச் சூடும் இருக்கலாம், அவ்வளவே. கிருமி தன் உருவை மாற்றிக்கொண்டே இருப்பதால் மருந்தும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுகிறது. போட்டபின் பலன் தர ஏறக்குறைய இரண்டு வாரமாகும்; எனவே புறப்படும் நாளில் போய்க் கேட்பதில் பயனில்லை.

ஹலால், ஹராம் பற்றிய ஐயத்துக்கும் விடை வேண்டும். மூக்கில் தெளிக்கும் ஒருவகை ப்ளூ மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. ஊசி மருந்துகளில் பெரும்பாலும் அது இல்லை. டாக்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். பொருள் முற்றிலும் மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்ற அடிப்படையில், 1995-இல் குவைத்தில் கூடிய உலமாக்களும் மருத்துவர்களும் இத்தகைய ஜெலட்டினுக்கு இடமளித்திருக்கிறார்கள். இதில் மாற்றுக் கருத்துடையோரும் உண்டு. ஜெலட்டின் கலக்காத ஊசி கிடைக்கும்போது அந்த வாதத்துக்கே தேவையில்லை.

இந்த ஊசி வாஜிப் என்று நாம் கூறவில்லை. உடல்நிலைக்கு ஒவ்வாதவர்களை டாக்டரே தடுப்பார். ஆனால் வீட்டில் முதிய உம்மாவோ கைப்பிள்ளையோ இருக்க, 'காய்ச்சல்தானே' என்று ஒதுக்குகிறவர் தம் மனதை ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். நோயாளிக்கு ஜும்ஆவிலும் ஜமாஅத்திலும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பது குறையல்ல. பெருநாளன்று இருமல் இருந்தால் வாயால் ஸலாம் சொன்னால் போதும். தும்மும்போது முகத்தை மூடிக்கொள்வது நபிவழி. ஹஜ்ஜிலிருந்து இருமலோடு திரும்பும் ஹாஜிகள் சில நாள் ஓய்வெடுத்தபின் மக்களைத் தழுவட்டும். துஆவைத் தூர இருந்தும் கேட்கலாம்.

ஹஜ்ஜுக்கு முன் வீடு வீடாகச் சென்று, 'நம்மால் ஏதும் குறை நேர்ந்திருந்தால் மன்னியுங்கள்' என்று கேட்டுப் பயணம் சொல்வது நம் வழக்கம். அன்று அந்தப் பெரியவருக்கு நாம் சொன்ன விடையும் இதுதான்: "ஊர் முழுக்க மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புறப்படுகிறீர்கள். பக்கத்துக் கூடாரத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்க அவர் முகவரியும் நமக்குத் தெரியாதே. அவருக்குக் குறை நேராமல் பார்த்துக்கொள்வதற்கு இது ஒரு வழி." அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் வீட்டிலுள்ளவர்களுக்கும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

நம் வணக்கங்களை ஏற்று, நம்மால் பிறருக்குத் தீங்கு நேராமல் வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன்.