‘நான் தெளிவாத்தான் இருக்கேன்!’

கடலூரில் எனக்கொரு நண்பர். அவர் பையன் சிதம்பரத்தில் படிக்கிறான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கூடப் படிப்பவனோடு பைக்கில் பாண்டிச்சேரி போயிருக்கிறான். எதற்கு என்று கடலூர்க்காரர்களிடம் கேட்காதீர்கள். ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டினால் பாண்டி எல்லை கூப்பிடு தூரம்.

இரண்டு பேரும் குடித்தது ஒரே அளவு. ஒருவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். நண்பரின் பையன் எனர்ஜி டிரிங்க் கலந்துகொண்டான். கிளம்பும்போது தண்ணீர்க்காரனுக்குக் கண் சொருகியது. ‘என்னால ஓட்ட முடியாதுடா’ என்று சாவியைக் கொடுத்துவிட்டான். ‘நான் தெளிவாத்தான் இருக்கேன்’ என்று வாங்கிக்கொண்டான் இவன். கடலூர் தாண்டி ஆலப்பாக்கம் வரைக்கும் வந்தாயிற்று. அங்கே ரோட்டோரம் நின்ற டிராக்டர் டிரெய்லரில் மோதல். பின்னால் இருந்தவனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. இவனுக்குச் சிராய்ப்போடு சரி.

‘சத்தியமா ஸ்டெடியா இருந்தேன், அங்கிள்’ என்று என்னிடம் அழுதான். ‘புளுகுறான்’ என்கிறார் அப்பா. எனக்கென்னமோ பையன் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. சிக்கலே அதுதான்.

நாளெல்லாம் விழித்திருந்தால் மூளையில் அடினோசின் என்று ஒன்று சேர்ந்து, ‘போதும், படு’ என்று சொல்லும். அது உட்கார வேண்டிய நாற்காலியில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்ளும். அசதி தெரியாது. ஆனால், ரத்தத்தில் ஏறிய ஆல்கஹாலில் ஒரு துளியைக்கூட அது குறைக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை பார்க்கும். நம் ஊர் மோர், எலுமிச்சம்பழம், கடுங்காபி வைத்தியத்துக்கும் இதே கதிதான். நான் படித்தது பி.காம்., அதனால் எனக்கு இப்படித்தான் புரிகிறது: கடன் அப்படியே இருக்கிறது, கடன்காரன் அழுத்துகிற காலிங் பெல்லின் ஒயரைத்தான் பிடுங்கிவிட்டோம். பெல் அடிக்காத தைரியத்தில் மேலே கடன் வாங்குவோம், அதாவது இன்னும் ரெண்டு ரவுண்டு. இதயம் படபடப்பது தனிக் கணக்கு.

2010 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒரு பார்ட்டியில் 9 மாணவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். யாரோ எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள் என்றுதான் போலீஸே முதலில் சந்தேகப்பட்டது. அவர்கள் குடித்தது ‘ஃபோர் லோகோ’. மதுவும் காஃபீனும் ஒரே டப்பாவில். அடுத்த மாதமே அரசு 4 கம்பெனிகளை எச்சரிக்க, அந்தச் சரக்கிலிருந்து காஃபீன் வெளியேறியது. ஃபேக்டரியில் கலந்ததைத் தடுக்கலாம். நம் டம்ளரில் நாமே கலப்பதை எந்த இலாகா தடுக்கும்?

சரி, தெளிவாக இருப்பதாக நிஜமாகவே நம்பியவனைக் குற்றவாளி என்கலாமா? பழைய கிரேக்கத்தில் பிட்டகஸ் என்பவர், குடித்துவிட்டுச் செய்த குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை வைத்தார். தெரியாமல் செய்தவன்தான், ஆனால் அந்தத் தெரியாமையை வரவழைத்துக்கொண்டவனும் அவனே என்று அரிஸ்டாட்டில் அதற்கு நியாயம் சொன்னார். நம் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். தெரியாமலோ, விருப்பத்துக்கு மாறாகவோ ஊற்றப்பட்ட போதைக்குத்தான் மன்னிப்பு. போக்குவரத்துச் சட்டமோ 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டியதா என்று பார்க்கும். நீங்கள் எவ்வளவு தெளிவாக உணர்ந்தீர்கள் என்று கேட்காது.

இதெல்லாம் எனக்கும் சம்மதம்தான். ஆனால் பையனிடம், ‘அந்த டப்பாவை எதுக்குடா வாங்கினே?’ என்று கேட்டேன். ‘தூக்கம் வரக் கூடாதுன்னுதான், அங்கிள். வண்டி ஓட்டணுமே!’

பொறுப்பாக நடந்துகொள்வதாக நினைத்துத்தான் வாங்கியிருக்கிறான். சாவியைக் கொடுத்தவனும் பொறுப்பாகத்தான் கொடுத்தான். அப்படியென்றால் தப்பு எங்கே? ராத்திரி சாவி கைமாறிய நேரத்தில் தேடிப் பிரயோஜனமில்லை. சாயங்காலம், தலை சுத்தமாக இருந்தபோது, குடிக்கப் போகிறோம் என்று தெரிந்தே பஸ் ஏறாமல் பைக்கை எடுத்தார்களே, அங்கே. அப்பாவுக்கு நான் சொல்வது ரசிக்கவில்லை. பொய் என்றால் நாலு சாத்து சாத்தலாம்.

பின்னால் உட்கார்ந்து வந்தவனுக்குத் தொடையில் ராடு வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போயிருந்தேன். ‘தள்ளாடினது நான்தான்னு நெனச்சேன், அங்கிள். அதான் அவன்கிட்ட குடுத்தேன்’ என்றான். ஆப்பிளை மேஜையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.