பாட்டுக்கு யார் அனுமதி தருவது?

(வேதாரண்யத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அம்பாளுக்கே யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர் வைத்த ஊர் இது. இங்கே சரஸ்வதியின் கையில்கூட வீணை கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் வந்து பாட்டைப் பற்றிப் பேசத் துணிச்சல் வேண்டும்தான். இருந்தாலும் பேசுகிறேன். நம் தஞ்சைச் சீமையில் கிறிஸ்தவ விசுவாசம் பிரசங்கத்தைவிடப் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது என்பது என் எண்ணம்.

பாட்டுக்கு அனுமதி கேட்கும் கதையைக் கொஞ்சம் தூரத்திலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தில் 1662-இல் ஒரு சட்டம் வந்தது. எல்லாச் சபைகளும் ஒரே ஜெபப் புத்தகத்தின்படிதான் ஆராதிக்க வேண்டும் என்றார்கள். இணங்காத போதகர்கள் ஏறக்குறைய 2,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அப்படி இணங்காத குடும்பம் ஒன்றில் 1674-இல் பிறந்தவர் ஐசக் வாட்ஸ். அவருடைய தகப்பனார் இதற்காகவே சிறைக்குப் போனவர். அந்தக் காலத்தில் கோயிலில் தாவீதின் சங்கீதங்களைச் செய்யுளாக்கிப் பாடுவார்கள், அவ்வளவுதான். வாட்ஸ் 1707-இல் தாமே கட்டிய பாட்டுகளை அச்சிட்டார். சிலுவையைப் பார்த்து ஒரு மனிதன் 'நான்' என்று பேசுகிற பாட்டு அதில் இருக்கிறது. ஊரோடு சேர்ந்து சொல்லும் விசுவாசம் வேறு, அந்த 'நான்' வேறு.

வாட்ஸ் பிறந்து சரியாக நூறு வருஷம் கழித்து, 1774-இல் நெல்லைச் சீமையில் பிறந்தார் கீர்த்தனைப் புலவர் வேதநாயகம் சாஸ்திரியார். சிறுவனாக இருந்தவரைத் தஞ்சைக்கு அழைத்துவந்து ஆளாக்கியவர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். அப்போது நம் சபைகளில் என்ன பாடினார்கள்? தரங்கம்பாடி மிஷனரிமார் ஜெர்மன் ராகத்தில் கொடுத்த ஞானப்பாட்டுகள். பக்தியில் குறையில்லை. ஆனால் ராகம் ஒரு பக்கம் போகும், தமிழ் ஒரு பக்கம் போகும். குறில் வரவேண்டிய இடத்தில் சுரம் நீளும், நெடில் நறுக்கென்று நின்றுவிடும். எழுத்து தெரியாதவர் புத்தகம் இல்லாமல் என்ன செய்வார்? வாயை அசைப்பார்.

சாஸ்திரியார் கட்டிய கீர்த்தனையில் அந்தக் கஷ்டம் இல்லை. உபதேசியார் சரணத்தைப் பாடி முடித்துப் பல்லவிக்குத் திரும்பும்போது நடவுக்குப் போய்விட்டு வந்த அம்மாளும் சேர்ந்துகொள்வாள். நாலு தரம் பல்லவி வந்தால் அது அவளுடையது. மறுநாள் நாற்று முடியை உதறும்போது அவள் வாயில் தானாக வரும், கேட்க உபதேசியார் அங்கே இருக்கமாட்டார்.

சாஸ்திரியார் இதைத் தெரிந்தே செய்தார். தஞ்சையில் குறவஞ்சி பார்க்காத ஆள் ஏது? அவர் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். கிறிஸ்துவின்மேல் காதல் கொண்ட தேவமோகினிதான் சபை. வலை விரிக்கும் சிங்கன் ஆத்துமாக்களைப் பிடிக்கிறான்! சரபோஜி மன்னர் மதித்த புலவர் அவர். ஆனாலும் இயேசுவைத் தவிர யாரையும் பாடமாட்டேன் என்று நின்றார்.

சுவார்ட்ஸ் காலம் போயிற்று, புதிய மிஷனரிமார் வந்தார்கள். வேதப் புத்தகத்தின் பழைய தமிழைத் திருத்தினார்கள், கல்யாணத்துக்குப் பூ வேண்டாம் என்றார்கள், ஆராதனையிலிருந்து கீர்த்தனைகளை எடுத்தார்கள். சாஸ்திரியார் இணங்கவில்லை. எதிர்த்து எழுதினார், மிஷன் வேலையும் போயிற்று.

இவ்வளவோடு நிறுத்தினால் உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஆனால் அவருடைய முறையீட்டில் இன்னொன்றும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியாரையும் தம் சாதியாரையும் ஒன்றாக உட்காரவைப்பது கொடுமை என்று அவர் எழுதினார். பாட்டில் எல்லாருக்கும் இடம் கொடுத்தவர் பாயில் கொடுக்கவில்லை. மிஷனரிமார் பாட்டு விஷயத்தில் தவறினார்கள், சாதி விஷயத்தில் அவர்கள் பக்கமே நியாயம். அந்தக் காலம் அப்படி என்று சொல்லி இதை மூட எனக்கு மனம் வரவில்லை.

திருமறைக்காடு என்கிற இந்த வேதாரண்யத்தில் வேதங்கள் பூட்டிய கதவை அப்பர் பாடித் திறந்தார் என்பது, வாசலில் நின்று கேட்கும் பிற சமய அன்பர்களே, உங்கள் வீட்டுக் கதை. பதிகம் நீண்டது, கதவு லேசில் அசையவில்லை. சம்பந்தர் அடைக்கப் பாடியபோது முதற்பாட்டிலேயே மூடிக்கொண்டது. பெரியபுராணம் சொல்லும் பொருள் வேறு. ஆனால் சாஸ்திரியாரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. இவரிடத்தில் ஒரே வாய்தான் திறக்கவும் செய்தது, அடைக்கவும் செய்தது.

அவர் பாட்டுக்குக் கதவு திறந்தது வேறு திசையில். வாட்ஸ் குடும்பத்தைப் போலவே இங்கிலாந்துச் சபையின் ஆளுகைக்கு உட்படாத அமெரிக்கன் மதுரை மிஷனில் எட்வர்ட் வெப் என்றொரு ஐயர் இருந்தார். நாட்டு ராகத்தில் பாடினால்தான் ஜனங்கள் பாடுவார்கள் என்று கண்டுகொண்டு, சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும் சேர்த்து 1853-இல் ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். சாஸ்திரியார் அப்போது உயிரோடு இருந்தார், 1864-இல்தான் காலமானார். இன்று மேல்நாட்டு ராகத்துப் பாமாலையும் கீர்த்தனையும் ஒரே அட்டைக்குள் கிடக்கின்றன. எது உள்ளே, எது வெளியே என்று நடந்த சண்டை பிள்ளைகளுக்குத் தெரியாது.

சரி, ஆர்மோனியக்காரர் என்னைப் பார்க்கிறார். கீர்த்தனை ஒன்று பாடி ஜெபிப்போம். பின்னால் சுவரோரமாக உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து முன்னே வாருங்கள், பாயில் இடம் இருக்கிறது. ஐயா, அந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள்.